கோமாரி வருஷத்துக் கூடுகள்

டர்ஹாம்,
12 மார்ச் 2001

மதிப்பிற்குரிய திரு. டாலன்டயர் அவர்களுக்கு,

இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு முறையும் என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாலும் மீதி அங்கேயே கிடக்கும் அல்லவா?

போன வருஷம் ஆட்டுச் சந்தையில் நமக்குள் நடந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. இனி உங்கள் பண்ணைக்குள் நான் காலடி வைக்கக்கூடாது என்று அன்று சொன்னீர்கள். இப்போது கோமாரி நோய் பரவி, அரசாங்கமும் அதையே சொல்லிவிட்டது. எந்த மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் என்னைப் போன்ற பறவை ஆய்வாளர்கள் நுழையக்கூடாது. சரியான உத்தரவுதான். என் காலணியில் ஒட்டிய சேறு போதும், ஒரு மந்தையே போய்விடும்.

ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஹார்ட்ரிக் மேட்டில் கூடு கட்டும் பறவைகளை எண்ணிக்கொண்டு வருகிறேன். ஆள்காட்டி, நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூ, பவளக்காலி, உள்ளான், மேலே ஹெதர் புதர்களுக்குள் பொன்னிற உப்புக்கொத்தி. வருஷா வருஷம் இவை குறைந்துகொண்டே வருகின்றன. இந்த வருஷம் மட்டும் தாள் வெறுமையாக இருக்கப்போகிறது என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

முழுக் கணக்கு கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்தாலும் கணக்கெடுப்புப் படிவத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அது முடியாவிட்டால் ஒரே ஒரு விஷயம்: வலது காலில் மஞ்சள் வளையம் போட்ட பெண் கர்லூ ஒன்று பதினொரு வருஷமாக உங்கள் கோரைக்காட்டுக்கு வருகிறது. அது வந்ததா என்று மட்டும் சொல்வீர்களா?

இப்படிக்கு,
ஹெஸ்டர் லாக்வுட்


ஹார்ட்ரிக் பண்ணை,
19 மார்ச்

டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் இப்போது வீடு வரை வருவதில்லை. பாதை முனையில் ஒரு பழைய பால் கேன் வைத்திருக்கிறேன். அதில் போட்டுவிட்டு, கிருமிநாசினி வாளியில் காலை நனைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார், இங்கே பேய் இருப்பதைப் போல.

குட்டி போடும் காலம் நெருங்கிவிட்டது. இருநூற்று எண்பது பெண் ஆடுகள். ஆள் நான் ஒருவன். மேவிஸ் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். தினமும் வெளியே போய் வந்தால் ஆபத்து என்று டார்லிங்டனில் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவளே வர முடியாத இடத்தில் உங்கள் பறவைகளை எண்ண எனக்கு நேரம் கிடையாது. படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

நா. டாலன்டயர்

பி.கு: மஞ்சள் வளையக்காரி வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள்.


டர்ஹாம்,
22 மார்ச்

திரு. டாலன்டயர் அவர்களுக்கு,

உங்கள் பின்குறிப்பை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். நன்றி. வேறு வார்த்தை தெரியவில்லை.

படிவம் உங்களுக்குச் சரிப்படாது, புரிகிறது. அதில் இருபத்திரண்டு கட்டங்கள். எனக்கே எரிச்சல் வரும். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் குறிப்பேடு அனுப்புகிறேன். நீங்கள் எப்படியும் காலையிலும் மாலையிலும் ஆடுகளைச் சுற்றி வருகிறவர். கண்ணில் பட்டதை, உங்களுக்குத் தோன்றிய மாதிரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் கோபம் இல்லை. ஆட்டுக் கணக்கு எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டார்லிங்டன் எனக்கு அரை மணி நேரப் பயணம்தான். உங்கள் மனைவி ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தால், நான் வாங்கிவந்து உங்கள் பாதை முனையில் வைத்துவிட்டுப் போகிறேன். வாளியைத் தாண்டமாட்டேன்.

ஹெஸ்டர் லாக்வுட்


ஹார்ட்ரிக் பண்ணை,
15 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

டாக்டரம்மாவுக்கு,

மேவிஸ் மாவில் பொதிந்து சுட்ட பன்றிக்கறிப் பை இரண்டும், ருபார்ப் தண்டு வைத்த இனிப்புப் பை ஒன்றும் கேனுக்குள் இருந்தன. ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. வழியில் நீங்கள் தின்றிருப்பீர்கள் என்று மேவிஸ் தொலைபேசியில் சொன்னாள். பரவாயில்லை. உங்களுக்கும் பசிக்கும்.

குறிப்பேட்டில் எழுதியதைக் கிழித்து அனுப்புகிறேன். சுருக்கம் இதுதான். கோரைக்காட்டில் கர்லூ ஜோடி மூன்று. வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் ஆள்காட்டிக் கூடு ஐந்து. காகம் வந்தால் ஐந்து வீட்டு ஆண்களும் ஒன்றாகக் கிளம்பி, தலைகீழாக விழுந்து விழுந்து அதைத் துரத்துகிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் இந்த ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. பொன்னிற உப்புக்கொத்தி மேலே மேட்டில் அடைகாக்கிறது என்றீர்கள். ஆனால் விடிகாலையில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும் என் கீழ் வயலுக்குத்தான் ஒவ்வொன்றாக இரை தேடி வருகிறது. ஐம்பத்தாறு வருஷமாக இங்கே இருக்கிறேன். இதை இந்த வருஷம்தான் பார்த்தேன்.

குட்டிகள் இதுவரை முந்நூற்றுப் பத்து. பதினொன்று செத்தன.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நீங்கள் மூங்கில் குச்சி நட்டு அடையாளம் வைத்த இரண்டு ஆள்காட்டிக் கூடுகள், வயலைச் சமன்செய்ய நான் டிராக்டரில் இழுத்த உருளையில் நசுங்கின. குச்சி கண்ணில் படவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மேவிஸிடமும் அதையே சொன்னேன். பட்டது. என் வயலில் எவளோ வந்து குச்சி நட்டு எனக்கு வழி சொல்வதா என்று நினைத்தேன். டிராக்டரைத் திருப்ப ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

இந்த வருஷம் அந்த வயலில் உருளையை இறக்கவில்லை.

நா.டா.


டர்ஹாம்,
20 ஏப்ரல்

நார்மன் அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதலாம் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் நான் செய்தது அதைவிடப் பெரிது. சந்தையில், உங்களுடன் படித்தவர்கள், உங்களிடம் கிடா வாங்குகிறவர்கள் எல்லோரும் நிற்கும்போது உங்களைக் ‘கொலைகாரன்’ என்று கத்தினேன். இனி என் பண்ணைக்குள் காலடி வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனீர்கள். எட்டு முட்டைகளுக்காக ஒரு மனிதரை அவருடைய ஊர்க்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. உங்களிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். அதைவிட முன்பே, குச்சி நடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் உங்கள் நிலத்தில் நடந்திருக்கிறேன். ஒருநாள்கூட உங்கள் வீட்டுக் கதவைத் தட்டித் தேநீர் கேட்டதில்லை. பறவைக்குத்தான் விருந்தாளியாக வந்தேன் போல. மன்னித்துவிடுங்கள்.

நேற்று மேவிஸைப் பார்த்தேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன் (உருளை பற்றிய பக்கத்தைக் காட்டவில்லை). அவர் கண்ணாடி போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்கு ஒரு வரி எழுதினதில்ல இந்த மனுஷன். உனக்கு மட்டும் பக்கம் பக்கமா?”

“நான் வேற ஊர்ல இருக்கேன்ல.”

“நான் மட்டும் இப்ப எங்க இருக்கேன்? அடுப்படியிலயா?”

ஆகவே உடனே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பறவையைப் பற்றி வேண்டாம்.

ஹெஸ்டர்

பி.கு: பையின் ஓரத்தைத் தின்றது நான்தான்.


ஹார்ட்ரிக் பண்ணை,
6 மே

ஹெஸ்டருக்கு,

செய்தியில் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணை ரேமண்டின் மாடுகளுக்கு வாயில் கொப்புளம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கல்சுவர்தான். நோய் வந்த பண்ணையை ஒட்டிய பண்ணைகளிலும் ஆடு மாடு எதையும் உயிரோடு விட்டுவைக்கக்கூடாது என்று சட்டம். என் ஆடுகளுக்கு எதுவும் இல்லை. கால்நடை மருத்துவர் ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்தார். “ஒண்ணும் இல்லைங்க. ஆனா என் கையில இல்ல” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அது அவருக்கு அந்த வாரத்தில் ஒன்பதாவது பண்ணை.

மேவிஸிடம் தொலைபேசியில் பேச வாய் வரவில்லை. அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதினால் வருமோ என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே ஆடுகளை ஓட்டிவந்து கொட்டகையில் அடைத்தேன். நாயை விட்டு ஓட்ட மனம் வரவில்லை. தீவன வாளியைத் தட்டினேன், பின்னாலேயே வந்தன. குட்டிகளும். அந்த வாளியை அதற்குப் பிறகு என்னால் தொட முடியவில்லை.

சுடுகிறவர்கள் நான்கு பேர், ராணுவத்திலிருந்து பன்னிரண்டு பேர், ஒரு சார்ஜென்ட். செத்த ஆடுகளை ஏற்றிப்போகப் பெரிய லாரி வந்தது. முற்றத்து வளைவில் அது திரும்பவில்லை. அப்போது ஒருவன் கோரைக்காட்டு வழியாகப் போகலாம் என்று கை காட்டினான். மண் அள்ளும் இயந்திரத்தை முன்னால் விட்டுக் கல்சுவரை உடைத்து, தடம் போட்டுவிட்டால் சுலபம்.

என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

சார்ஜென்ட் சின்ன வயசு, நியூகாசில்காரன். மரியாதையாகத்தான் பேசினான்.

“ஐயா, தள்ளி நில்லுங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா உத்தரவு உத்தரவுதானே.”

“ஆட்டுக்காக நிக்கல தம்பி. ஆட்டை நானே கொண்டுவந்து அடைச்சுக் குடுத்துட்டேன். இந்த வழியா வண்டி வராது. அவ்வளவுதான்.”

“ஏன் வராது?”

“கூடு இருக்கு.”

“என்ன கூடு?”

“கர்லூ. நாலு முட்டை. இன்னும் பதினாறு நாள் அடைகாக்கணும்.”

அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

“அறுநூறு உசிரைக் கொல்ல வந்திருக்கோம். நீங்க நாலு முட்டைக்கு வழி மறிக்கிறீங்களே!”

“அந்த அறுநூறுக்கு எங்கிட்ட யாரும் கேக்கல. இந்த நாலுக்கு நான் உங்கிட்ட கேக்கறேன்.”

அவன் கோரைக்காட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இயந்திரத்தை அணைக்கச் சொன்னான். “எங்க இருக்கு, காட்டுங்க” என்றான். தூரத்திலிருந்து காட்டினேன். கோரைக்கு நடுவே மஞ்சள் வளையக்காரியின் முதுகும் அந்த வளைந்த அலகும் மட்டும் தெரிந்தன. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு தன் ஆட்களிடம் போய் என்னவோ சொன்னான். லாரியைப் பாதை முனையிலேயே நிறுத்திவிட்டு, என் சின்ன வண்டியிலும் ரேமண்டின் வண்டியிலும் ஏற்றி ஏற்றிக் கொண்டுபோனார்கள். நாற்பத்து மூன்று நடை. நான்கு மணி நேரம் கூடுதலாக ஆனது. ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை.

வேட்டுச் சத்தம் பிற்பகல் மூன்று வரை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அந்தச் சார்ஜென்ட்டின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.

நார்மன்


டர்ஹாம்,
10 மே

அன்புள்ள நார்மன்,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஆறுதல் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. மேவிஸுடன் நேற்று இருந்தேன். நீங்கள் அவருக்கு அனுப்பிய அரைப் பக்கத்தைக் கையிலேயே வைத்திருந்தார். என்ன எழுதியிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “சாப்பிடறாரான்னு மட்டும் பாத்துக்க, ஹெஸ்டர்” என்றார். ஆகவே கேனில் ஆறு நாளைக்குச் சாப்பாடு வைத்திருக்கிறேன். இது என் சமையல் இல்லை, பயப்பட வேண்டாம்.

போன மாதம் நான் மன்னிப்புக் கேட்ட அந்த வார்த்தையை வாழ்க்கையில் இனி யாரைப் பார்த்தும் சொல்லமாட்டேன்.

நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றதற்கு, பன்னிரண்டு வருஷம் அந்தப் பறவைகளோடு வாழ்ந்தவள் என்ற முறையில், நன்றி. பறவைகளை எண்ண வேண்டாம். குறிப்பேட்டை அடுப்பில் போடுங்கள். நீங்கள் இருந்தால் போதும்.

ஹெஸ்டர்


ஹார்ட்ரிக் பண்ணை,
17 ஜூன்

ஹெஸ்டருக்கு,

குறிப்பேட்டை அடுப்பில் போடவில்லை. அது இல்லாவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? இருபத்தெட்டு வருஷமாக ஐந்து மணிக்கு எழுந்த உடம்பு, ஐந்துக்கு எழுந்து ஆடில்லாத வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கையில் பென்சில் இருந்தால் நிற்பதற்கு ஒரு காரணம்.

மஞ்சள்காரியின் நாலும் மே 21 அன்று பொரிந்தன. மறுநாளே நடக்க ஆரம்பித்துவிட்டன. ஒன்றைக் காகம் கொண்டுபோனது. ஒன்று காணாமல் போனது. இரண்டு இப்போது என் கெண்டைக்கால் உயரம்.

கவலை ஆள்காட்டிகளைப் பற்றித்தான். ஆடு இல்லை, புல் வளர்ந்துகொண்டே போகிறது. வீட்டுப் பின்வயலில் முழங்கால் உயரம். ஆள்காட்டிக் குஞ்சு நெல்லிக்காய் அளவு. அந்தப் புல்லுக்குள் நடக்கவும் முடியாது, பூச்சி பிடிக்கவும் முடியாது. மழை பெய்தால் நனைந்து விறைத்துப்போகிறது. மூன்று குஞ்சுகளைச் செத்துக் கிடக்கப் பார்த்தேன். தாய்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவற்றைப் பாதை ஓரத்துக்கு அழைத்துவந்து விட்டன, அங்கே மட்டும்தான் தரை தெரிகிறது என்று. பொன்னிற உப்புக்கொத்தியும் கீழே வருவதில்லை. புழுக்கை இல்லாத வயலில் அதற்கு என்ன வேலை?

நேற்று அரிவாளை எடுத்தேன். இயந்திரம் வேண்டாம் என்று கையாலேயே, ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து, பின்வயலில் மூன்று பட்டை அறுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு குடும்பம் அதில் இறங்கிவிட்டது. நான் கல்சுவர் மேல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். ஆடுகள் போனதற்கு அப்புறம் முதல் தடவையாகச் சாப்பாடு ருசித்தது.

ஒரு கேள்வி. ஆடு அதிகமாக இருப்பதுதான் பறவைக்குக் கேடு என்று நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை மேவிஸ் எங்கிருந்தோ கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள், இரண்டு வருஷம் முன்பு. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நார்மன்


டர்ஹாம்,
25 ஜூன்

அன்புள்ள நார்மன்,

இப்போது சொல்வது: பாதி சரி, பாதி தவறு. ஆடு மிகுந்தால் கூடு மிதிபடும், கோரை மறையும், அதில் மாற்றமில்லை. ஆனால் ஆடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை. ஆடு என்றால் எனக்கு ஒரு எண். ஏக்கருக்கு இத்தனை. அவ்வளவுதான். அதன் வாயும் குளம்பும் புழுக்கையும் சேர்ந்துதான் அந்தக் குஞ்சுகளுக்கு வீடு என்பதை நீங்கள் அரிவாளோடு போய்க் காட்டியிருக்கிறீர்கள்.

நான் ஒரு காரியம் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வியாழக்கிழமை எங்கள் பறவை ஆய்வாளர்கள் கூட்டம். மேசையைச் சுற்றிப் பதினேழு பேர். ஒருவர் எழுந்து, மலையெல்லாம் காலியாகிவிட்டது, இயற்கைக்கு இது நல்ல வாய்ப்பு என்று பேசினார். வாய்ப்பு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். கைப்பையிலிருந்து உங்கள் இரண்டு கடிதங்களையும், மே மாதத்தது, இந்த மாதத்தது, எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று நடை என்ற இடத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி மீதியை வாசித்தார்.

வாய்ப்பு என்று சொன்னவர் கடைசியில் என்னிடம் வந்து, “அவரை எனக்கு அறிமுகப்படுத்த முடியுமா?” என்று கேட்டார். அடுத்த வருஷம் எந்தப் பண்ணையிலும், விவசாயியைக் கேட்காமல் ஒரு குச்சிகூட நடுவதில்லை என்று முடிவானது. இந்த வருஷ அறிக்கையில் ஹார்ட்ரிக் கணக்கு உங்கள் பெயரில் வருகிறது.

உங்களிடம் அனுமதி கேட்காமல் வாசித்தது தவறு. நன்றியையும் மன்னிப்பையும் ஒரே உறையில் அனுப்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஹெஸ்டர்


ஹார்ட்ரிக் பண்ணை,
12 ஆகஸ்ட்

ஹெஸ்டருக்கு,

அனுமதி இல்லாமல் வாசித்தது தவறுதான். எழுத்துப்பிழைகளையும் சேர்த்து வாசித்தீர்களா? பெயர் போடுவது உங்கள் இஷ்டம். மேவிஸ் அறிக்கையின் ஒரு பிரதி வேண்டும் என்கிறாள், தங்கையிடம் காட்ட.

கர்லூக்கள் ஜூலை முதல் வாரமே கடற்கரைக்குப் போய்விட்டன. குஞ்சுகள் இரண்டும் பறந்தன. ஐந்து ஆள்காட்டிக் குடும்பத்தில் மொத்தம் ஏழு பிள்ளைகள் தேறின. இனி எண்ண ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

கொட்டகையைக் கழுவுகிறவர்கள் போய்விட்டார்கள். சுவரெல்லாம் மருந்து வாடை. போன வாரம் ஒரு காட்டு மரக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மேடு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஊசியிலை மரம் நடுவார்களாம். வீட்டை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்ளலாமாம். நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது.

புதிதாக ஆடு வாங்கலாம். ஆனால் சந்தை ஆட்டுக்கு இந்த மலை தெரியாது. என் ஆடுகளுக்கு மேட்டில் வேலியே கிடையாது. தாய் குட்டிக்குக் காட்டும், எந்த ஓடை வரை நம் இடம், பனி விழுந்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவது என்று. எங்கள் தாத்தாவுக்கு முன்பிருந்தே அப்படித்தான். அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. மேவிஸ், “உங்க இஷ்டம்” என்கிறாள். அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நார்மன்


டர்ஹாம்,
19 ஆகஸ்ட்

அன்புள்ள நார்மன்,

கேட்டதால் சொல்கிறேன். மரம் வந்தால் பறவை போய்விடும். மரம் நட்ட இடத்தில் மட்டுமல்ல, சுற்றியும். நரிக்கும் காகத்துக்கும் அது மறைவிடம். இது உங்களுக்கே தெரியும்.

ஆனால் பறவைகளுக்காக நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். இந்த வருஷம் அவற்றுக்காக நீங்கள் செய்தது போதும். விற்பதாக முடிவு செய்தாலும் நான் உங்களுக்கு நன்றியோடுதான் இருப்பேன். ஒரு சொல் குறை சொல்லமாட்டேன், சந்தையிலும் சரி, வேறு எங்கும் சரி.

ஒரே ஒரு தகவல். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். நோய் எட்டாத வடக்குப் பள்ளத்தாக்கில், அனுமதி கிடைத்த ஒரே பண்ணையில், போன வாரம் வேலையாக இருந்தேன். கத்பர்ட் பீடில் என்ற பெரியவர். இந்தத் தடவை கதவைத் தட்டித் தேநீர் கேட்டேன். ஹார்ட்ரிக் என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“டாலன்டயர் பண்ணையா? அம்புட்டுமா போச்சு?”

“அம்புட்டும்.”

“அட கடவுளே. ஏம்மா, அறுபத்து மூணாம் வருஷப் பெரும்பனியில என் மந்தை பாதி செத்துப்போச்சு. அந்த மனுஷனோட அப்பாதான் முப்பது பெட்டைக்குட்டி குடுத்தாரு. கைல காசில்லைன்னேன், அப்புறம் பாத்துக்கலாம்னாரு. இப்ப என் மேட்டுல மேயறதெல்லாம் அதோட வம்சம்தான். அவனுக்கு ஆடு வேணும்னா என்னைக் கேக்கச் சொல்லு. சந்தைக்குப் போகாதேன்னு சொல்லு.”

அவருடைய தொலைபேசி எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

ஹெஸ்டர்


ஹார்ட்ரிக் பண்ணை,
11 நவம்பர்

அன்புள்ள ஹெஸ்டர்,

மூன்று மாதமாக எழுதவில்லை. சண்டை எதுவும் இல்லை. வேலை.

கத்பர்ட் பெரியவரிடம் நானும் மேவிஸும் போனோம். அவர் எங்களை மேட்டுக்கு அழைத்துப்போனார். முதல் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்கள் ஆடுகளின் அதே கறுத்த முகம், மூக்கு நுனியில் மட்டும் வெள்ளை, கொம்பு காதோடு ஒட்டித் திரும்பும் விதம். மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மரக் கம்பெனிக்காரருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டேன். இப்போதெல்லாம் யாருக்கும் கடிதம் எழுத எனக்குப் பயமில்லை.

அனுமதிச் சீட்டுகள் வர இவ்வளவு நாளாகிவிட்டது. போன திங்கள்கிழமை எண்பது ஆடுகள் வந்து இறங்கின. ரேமண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினார். அவருக்கு இன்னும் மாடு வரவில்லை.

மேவிஸ் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். நானாகக் கேட்கவில்லை. “முப்பத்தோரு வருஷத்துல ரெண்டே கடுதாசி எழுதினீங்க. மூணாவதுக்காக இன்னொரு கோமாரி வரைக்கும் காத்திருக்க என்னால ஆகாது” என்று பெட்டியோடு வந்துவிட்டாள். அவளுடன் மாதக்கணக்கில் இருந்து, சாப்பாடு சுமந்து, அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்தது நீங்கள்தான் என்று சொன்னாள். அதெல்லாம் நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. நான் நன்றி சொல்லத் தெரியாதவன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைத் தபால்காரருக்குத்தான் சொல்வோம். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆடுகளைப் பற்றி. வம்சம் ஒன்றுதான், ஆனால் அவற்றுக்கு இந்த மேடு தெரியவில்லை. விட்டால் வந்த வழியே வடக்கே நடக்கின்றன. ஒரு குளிர்காலம் முழுக்க, ஒருவேளை இரண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கூடவே நின்று, எல்லை தாண்டுவதைத் திருப்பித் திருப்பி உள்ளே விட வேண்டும். பிறகு அவை குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும். மேற்கே ஓடை, நான் நிற்கிறேன். தெற்கே சாலை, மேவிஸ் குடையோடு நிற்கிறாள். வடக்கே நாய்.

பாதை முனையிலிருந்து கிருமிநாசினி வாளியை நேற்று எடுத்துவிட்டார்கள். இனி யார் வேண்டுமானாலும் வரலாம். நாள் முழுவதும் மேட்டில் இருப்பதால் கடிதம் எழுத எனக்கு நேரம் இருக்காது. நேரில் வாருங்கள். நல்ல காலணியும் மழைக்கோட்டும் கொண்டுவாருங்கள். சாப்பாடு மேவிஸ் பார்த்துக்கொள்வாள்.

கிழக்குப் பக்கம் ஆள் இல்லை. அங்கே நீங்கள் நில்லுங்கள்.

நார்மன்